சுழி குறைகிறது

எப்பாடுபட்டாவது தன் வங்கிக் கிளையைக் காப்பாற்றிவிடுவது என்று சுழி சார் முடிவெடுத்தார். வேறு வழியில்லை. கட்டடமே இல்லாத வங்கியொன்று போனுக்குள் கடை விரித்து ஊரையே வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் கணக்குகள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் கிளையை இழுத்து மூடுவோம் என்று தலைமை அலுவலகம் கடிதம் போட்டுவிட்டது. மூடினால் சாரும் வீட்டுக்குத்தான். ஐம்பத்தாறு வயதில் அவரை வேறு யார் சீந்துவார்கள்?

கைவசம் இருந்தது ஒரே ஆயுதம். கணக்கை மூட வருகிறவர்களின் கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். "சுழி ஒண்ணு குறையுது. வீட்டுல போட்டுப் பழகிட்டு நாளைக்கு வாங்க." பாதிப் பேர் வெறுத்துப்போய்த் திரும்பி வரவே இல்லை. இருபத்தெட்டு வருடமாகச் சிரிக்காமல் அவர் செய்துவரும் வேலைதான் இது. பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

மாதக் கடைசி நாள், மூன்றே முக்கால் மணி. மிச்சம் சரியாக ஆயிரம் கணக்கு. அப்பாடா என்று சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கவுன்டருக்கு எதிரே அவர் மனைவி நின்றாள். தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், தோளில் அளவு டேப்போடு.

"கணக்கை மூடணும்."

"விளையாடாதே. வீட்டுக்குப் போ."

"படிவத்தை வாங்குங்க சார். பின்னாடி ஆள் நிக்குது."

பின்னால் நின்றது மேனேஜர். சார் குரலைத் தாழ்த்தினார்.

"நீ மூடினா என் வேலை போயிடும்மா."

"போன வருஷம் இதே இடத்துலதான் நின்னேன். எங்கம்மா கண் ஆபரேஷனுக்குப் பணம் எடுக்க. விரல்ல ஊசி ஏறி, கட்டோட வந்தேன். சுழி குறையுதுன்னு திருப்பி அனுப்பினீங்க."

சாருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அன்று காலையில் சமையலறையில் வைத்து அந்தக் கட்டைப் போட்டுவிட்டதே அவர்தான். இப்போது அவமானமாக இருந்தது.

"கடன் வாங்கறதுக்குள்ள ஒரு நாள் தள்ளிப்போச்சு. ஒரு கண்ணும் போச்சு. அன்னைக்கே போன் பேங்க்ல கணக்குத் தொடங்கிட்டேன். மூஞ்சியைப் பார்த்துச்சு, அஞ்சு நிமிஷத்துல நான்தான்னு ஒத்துக்கிச்சு."

சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரே ஒரு சுழி குறைந்தால் போதும், பிழைத்துக்கொள்வார். பழைய மாதிரிக் கையெழுத்து அட்டையோடு மூன்று முறை ஒப்பிட்டார். எல்லாச் சுழிகளும் அதனதன் இடத்தில் அச்சடித்தாற்போல் இருந்தன.

"துணி வெட்டற தாள்ல ஒரு மாசமாப் போட்டுப் பழகினேன்," என்றாள் மனைவி.

மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தார். சார் முத்திரை குத்தினார்.

இரண்டாம் வாரம் கிளைக்குப் பூட்டு விழுந்தது. சாருக்குச் சேர வேண்டிய கடைசிப் பணத்தைப் போட வேறு ஏதாவது ஒரு கணக்கு வேண்டுமாம். மிச்சமிருந்த கிளையோ பஸ்ஸில் மூன்று மணி நேரம். சார் மானத்தை விட்டு, தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தார். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினார். 'சிரிக்கவும்' என்றது. உதட்டை இழுத்துப் பார்த்தார். 'முகம் பொருந்தவில்லை.' மறுபடி இழுத்தார். பொருந்தவில்லை. மூன்றாவது முறை கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சிரிப்பு வரவில்லை.

"நான்தாண்டி இது! நீயாவது சொல்லேன்!"

அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகிட்டு நாளைக்கு வாங்க சார்."