குளத்தில் நின்று நான் ஆற்றிய உரை

சிரஞ்சீவி தம்பி சூர்யநாராயணனுக்கு,

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து அக்கா அபிதகுஜாம்பாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே என் மூட்டுகள் நீங்கலாக அனைவரும் சௌக்கியம். மூட்டுகளும் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

தோலில் இருக்கும் சோரியாசிஸ் மூட்டுக்கும் இறங்கிவிட்டது, சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர் சொன்ன அன்றே, "கட்டிலை விட்டு இறங்காதே அக்கா" என்று நீ போனில் உத்தரவு போட்டாய். கேட்டேன். காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை. விரல்கள் வாழைக்காய் பஜ்ஜி. டாக்டரம்மா கிறிஸ்டினாவோ, "மருந்தை விடாதீங்க. ஆனா படுத்தே இருந்தா இன்னும் இறுகிடும், மெதுவா அசைங்க" என்றார். யோகா வகுப்புக்குப் போனேன். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்; நாலு பேர் சேர்ந்து உற்சவரைத் தூக்குவதுபோலத் தூக்கி ஆட்டோவில் எழுந்தருளச் செய்தார்கள்.

கடைசியில் என் பெண், உன் மருமாள் மாளவிகா, "அம்மா, எங்க அபார்ட்மெண்ட் நீச்சல் குளத்துல தண்ணி இடுப்பளவுதான். உள்ள நடந்து பாரேன்" என்று பள்ளிக்கரணைக்கு அழைத்துப் போனாள். சுடிதாரோடு இறங்கினேனா, காற்று புகுந்து முன்னும் பின்னும் பலூன்! ஆனா சூர்யா, முட்டி முனகவே இல்லடா! வலிக்குமோன்னு பயப்படாம ஒரு அடி எடுத்து வெச்சு எத்தனை நாளாச்சு!

அப்போதுதான் துண்டும் தோளுமாகக் குளிக்க வந்தார் அசோசியேஷன் செயலாளர் சத்யநாராயணன். என் முழங்கையைப் பார்த்தார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. செதில் செதிலா என்னமோ இருக்கே. குழந்தைங்க இறங்கற தண்ணி. வெளிய வந்துடுங்களேன்." தண்ணீரில் இருந்தவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். மாளவிகாவின் முகம் சுண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க, இந்தக் கைகளை மறைக்க முழுக்கை ரவிக்கையிலேயே வெந்தவள் நான். அன்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், இது ஒட்டுற வியாதி இல்ல. என் உடம்பு என்னையே எதிரின்னு நெனச்சு அடிக்குது, அவ்வளவுதான். இந்தக் கையால சமைச்சதைத்தான் என் வீட்டுக்காரர் சாப்பிடறார். கல்லு மாதிரி இருக்கார். இங்க நடந்தாத்தான் நாளைக்கு ரோட்டுல நடப்பேன். நான் வெளிய வரமாட்டேன். நீங்க உள்ள வாங்க!"

கையை நீட்டினேன். மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கையைப் பிடித்தார், தண்ணீருக்குள் வந்தேவிட்டார்! எல்லோரும் கைதட்டினார்கள். ஒதுங்கியவர்களே இப்போது என் பின்னால் வரிசையாக நடக்கிறார்கள். போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் படிகளை நிதானமாக ஏறி முடித்தேன். மூச்சு வாங்கியது உன் அத்திம்பேருக்குத்தான்.

உன் குழந்தைகள் ஓடியாடி நீடூழி வாழட்டும். நீயும் நாற்காலியை விட்டு எழுந்திரு.

இப்படிக்கு,
அன்பு அக்கா,
அபிதகுஜாம்பாள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாளவிகாவின் போன். சத்யநாராயணனுக்குக் காது மந்தமாம். குளிக்க வரும்போது மிஷினைக் கழற்றி வைத்துவிடுவாராம். என் உரையில் ஒரு வார்த்தைகூட அவருக்கு எட்டவில்லை. படியேற உதவி கேட்கிறேன் என்று நினைத்துக் கையைக் கொடுத்தாராம். நான் இழுத்த இழுப்பில் உள்ளே விழுந்தாராம்! எல்லோரும் கைதட்டியதும், விழுந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டாராம். நாளைக்கு மிஷின் மாட்டியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், முதலிலிருந்து மறுபடி பேசப்போகிறேன். ஆனா ஒண்ணு சூர்யா, ஆள் நல்ல வாட்டசாட்டம், அவரையே இந்தக் கை இழுத்துப் போட்டிருக்கு! டாக்டரம்மா காதுக்கு மட்டும் போகவேண்டாம்.