கிப்லா மேசன் ஏறிய மலை

ஓகஸ்ட் மாதம், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. கென்யா மலையின் பாதி உயரத்தில், ஒரு கல்லில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தேன். என்னை அங்கே ஏற்றிவிட்டவர் கிப்லா மேசன்.

கொத்தனார். இலங்கையில் எங்கள் ஊரான கல்முனையில் அவரைப்போலத் திசை தெரிந்த மனிதர் பிறக்கவில்லை. கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டாலும் மக்காவை நோக்கித் தொழும் கிப்லாத் திசையைக் காட்டுவார். பக்கத்து மருதமுனையில் ஒரு மலகூடம், ஆகாத விதமாய், கிப்லாவைப் பார்த்திருக்கிறதென்று கூலி வாங்காமலே சுவரை இடித்தவர். வீட்டுக்காரர் அப்போது உள்ளே இருந்தார்.

கென்யாவில் என் மகனின் கம்பனியில் அவருக்குக் கட்டட வேலை. மகனைப் பார்க்கப் போன என்னை மலைக்கு இழுத்தார். அதுவும் ஆளரவமற்ற பாதையால்.

"சனம் போற பாதையெண்டா கல்முனைச் சந்தைக்கே போயிருக்கலாமே மாஸ்டர்!"

மூன்றாம் நாள், பகல் தொழுகைக்கு நின்ற இடத்திலேயே எனக்குத் தலை சுற்றியது. இருட்டுமுன் இறங்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றான் வழிகாட்டி யூசுப். மலையேறுபவர்கள் தங்கும் குடிசை மேற்கே அரை மணி இறக்கத்தில் இருக்கிறது, ஆள் கூட்டிவருகிறேன், அசையாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடினான். அதை மேசனுக்குத் தமிழில் சொன்னேன். 'மேற்கு' என்றதும் எழும்பிவிட்டார்.

"அவன் வாறமட்டும் பார்த்திட்டு இருக்கிறதா? எழும்புங்க."

"அசைய வேணாமெண்டுதானே சொன்னான்?"

"எனக்கே மேற்கு தெரியாதா? இந்தா, யூசுப் தொழுத பாய் இன்னும் கிடக்கு. இதுதான் கிப்லாப் பக்கம்."

எங்கள் ஊரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிப்லா, அது மேற்கு. எனக்கும் அறுபது வருடப் பழக்கம். தலையாட்டினேன்.

ஒரு மணி நேரம் நடந்தோம். குடிசை இல்லை, பாதாளம் இருந்தது. பனி விலகியபோது சூரியன் எங்கள் இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.

"மேசன், இங்கேயிருந்து மக்கா வடக்கே!"

"அப்ப ஊர்ல?"

"ஊர்ல மேற்குத்தான்."

"ஒரு கிப்லா ரெண்டு பக்கம் இருக்குமா மாஸ்டர்?"

"நாமதான் வேற பக்கம் நிக்கிறம்."

மேசன் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறுங்க."

வந்த வழியே பாய் கிடந்த இடத்துக்குத் திரும்பி, பிறகு சூரியனை நேரே பார்த்து, என்னைச் சுமந்து நடந்தார். பத்தடிக்கு ஒருதரம் கேள்வி.

"மூச்சு வருதா மாஸ்டர்?"

"ஓம்."

"கதைக்காதீங்க."

"நீங்க கேட்டாத்தானே கதைக்கிறன்!"

குடிசையை நெருங்கும்போதுதான், எங்களைத் தேடி அலைந்த யூசுப் எதிர்ப்பட்டான். என்னை இறக்கிவிட்டு மேசன் உட்கார்ந்தார். அவர் காலில் கிடந்த சப்பாத்து இரண்டும் வாய் பிளந்திருந்தன.

மலையடிவாரத்தில் அவருக்குப் புதுச் சோடி வாங்கினேன். கடைக்காரன் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்: இலங்கைக் காசில் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.