அடுத்த வீட்டு வாளி

குப்பை வாத்தியார் என்று ஓர் இனம் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவருக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. பார்க்கப்போனால் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த வேலைக்கே வருகிறார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். காலையில் நகராட்சியின் பேட்டரி வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு வாசலுக்கு வந்துவிடுவார். நீங்கள் தூக்கி வரும் வாளியை, பந்தியில் சாம்பார் வாளியை எட்டிப் பார்ப்பது போல எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு "உச்" என்பார். அந்த "உச்"சுக்காக நீங்கள் அன்று முழுவதும் திருந்திக்கொண்டே இருக்க வேண்டும். தன் வீட்டு வாளியை அவர் எப்போது பார்ப்பார் என்று கேட்கிறீர்களா? பரீட்சை எழுதுகிற வாத்தியாரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இந்த இனத்துக்கு நல்ல மாதிரி வேண்டுமென்றால் தென்காசிக்கு வாருங்கள். இசக்கிதுரை இருக்கிறார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கியைக் கழற்றி வைத்த மறுநாளே கை அரிக்கத் தொடங்கிவிட்டது, யாரை விசாரிப்பது? அந்த நேரம் பார்த்து நகராட்சிக்காரர்கள் வீட்டுக்கு இரண்டு வாளி வைக்கச் சொன்னார்கள். மிச்சச் சோறு, காய்த்தோல், டீத்தூள் எல்லாம் பச்சை வாளியில். கவர், டப்பா, அட்டை எல்லாம் நீல வாளியில். பச்சை வாளியில் சேர்வது உரக்கூடத்துக்குப் போய் உரமாகும், ஊருக்கு வெளியே இருக்கும் குப்பை மலை அந்த அளவுக்கு வளராமல் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதை விளக்க இசக்கிதுரைக்கு அரை மணி நேரம் வேண்டும்.

"சோத்தையும் கவரையும் ஒண்ணாப் போட்டா ரெண்டுமே கெட்டுச்சு, பாத்துக்கிடுங்க. தனித்தனியாப் போட்டா ரெண்டும் பொழைச்சுது," என்று தொடங்குவார். கல்யாண வீட்டில் சொல்வார், டீக்கடையில் சொல்வார். ஒரு துட்டி வீட்டுக்குப் போனவர், துக்கம் கேட்ட கையோடு, இறந்தவர் மேல் கிடந்த மாலையைத் தடவிப் பார்த்து, "பூவு பச்சை, நைலான் நூலு நீலம். மறந்துராதீய," என்று சொல்லிவிட்டு வந்தார். செத்தவர் எந்த வாளி என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

அவர் வீட்டில் குப்பையைப் பிரிப்பது யார்? அவர் மனைவி வள்ளித்தாய். கவரைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, மடித்து நீல வாளியில் வைக்கிறவள் அவள். "நாங்க ஆரம்பத்துலேருந்தே பிரிச்சுத்தான் போடுதோம்," என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர் அவர். அந்த "நாங்க"வில் அவர் பங்கு எவ்வளவு என்று வள்ளித்தாயும் கேட்டதில்லை.

இனி ஒரு ரகசியம். இசக்கிதுரைக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லி, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் அடியோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வள்ளித்தாய் அரிசியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு கோதுமைக் கஞ்சிக்கு மாறிவிட்டாள். இவரோ சாரல் தொடங்கியதும், அருவித் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தால் சர்க்கரை தானே இறங்கிவிடும் என்று ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்து, தினமும் விடிந்ததும் ஸ்கூட்டரில் குற்றாலம் போகத் தொடங்கினார். சர்க்கரை இறங்கியதோ என்னவோ, குளித்து ஏறியதும் பசி வந்தது. அருவியில் குளித்தவன் பசியை, குளித்தவனிடம்தான் கேட்க வேண்டும். எதிரே தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிகிறது. பக்கத்துக் கடையில் சுடச்சுட அல்வாவைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். மனிதன் என்ன செய்வான்?

தின்றார். தின்றது போகட்டும், காலிக் கவரை என்ன செய்வது? அருவிக்கரையில் எறிய மனம் வரவில்லை, அந்த அளவுக்கு அவர் கொள்கைவாதி. ஈரத் துண்டுக்குள் சுருட்டி வீட்டுக்கே கொண்டு வந்தார். நீல வாளியில் போட்டால் வள்ளித்தாய் கழுவுவாள், நெய் வாசம் பிடிப்பாள். ஆகவே பச்சை வாளிக்குள், கத்தரிக்காய்க் காம்புக்கும் வாழைப்பூ மடலுக்கும் அடியில் ஆழமாகச் செருகினார். சோற்றுக் குப்பைக்குள் எவன் கைவிடப் போகிறான்? மறுநாளும் செருகினார். சீசன் நன்றாக இருந்தது, தினமும் செருகினார்.

ஒரு காலையில் வண்டி ஓட்டி வரும் முத்துவடிவு அவரிடம் வந்து நின்றாள்.

"சார், ஒங்க தெருச் சோத்துக் குப்பையில தெனம் கவரு வருது. உரக்கூடத்து மெஷின்ல போய்ச் சுத்திக்கிடுது. இனியும் வந்துச்சுன்னா இந்தத் தெருவுல பிரிச்சு வாங்க வேண்டாம், எல்லாத்தையும் ஒண்ணா அள்ளி ஊருக்கு வெளிய குப்பைக் கெடங்குல கொட்டுங்கன்னு சொல்லுதாவ."

இசக்கிதுரை குச்சியைத் தரையில் ஓங்கித் தட்டினார். வீடு வீடாக ஏறி இறங்கி, நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லி, இந்தத் தெருவை வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். பென்ஷனுக்குப் பிறகு அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான். அதை எவனோ ஒருவன் கெடுக்கிறான். எவன்?

தன் கவர் அவர் நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் அது தினம் ஒன்றோ இரண்டோதான். அதுவும் உடம்பு சம்பந்தப்பட்ட சொந்த விஷயம். மெஷினை நிறுத்துகிற கவர் வேறு யாருடையதாகவோதான் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் பிடிபட்ட ஒவ்வொரு திருடனும், 'என்னைவிடப் பெரிய ஆள் வெளியே இருக்கான் சார்' என்றபோது இவர் எப்படிச் சிரித்திருக்கிறார்!

விசாரணை தொடங்கியது. எதிர்வீட்டு சைதூன் பீவியின் மகன் துபாயில் இருக்கிறான். சீசனுக்கு அவள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். இசக்கிதுரையின் குச்சி நேரே அங்கே போயிற்று.

"தங்கச்சி, வீட்டுல விருந்தாளி ஜாஸ்தியோ?"

"ஆமா அண்ணாச்சி. அவங்களையும் ரெண்டாப் பிரிச்சு வைக்கணுமா?"

இந்தப் பதில் அவர் சந்தேகத்தை உறுதி செய்தது. இரண்டு நாள் கழித்துத் தெருவைக் கூட்டி உத்தரவு போட்டார்: நாளைக் காலை எல்லாரும் பச்சை வாளியை என் வாசலுக்குக் கொண்டு வரணும், தார்ப்பாய் விரித்துக் கொட்டிப் பார்க்கணும், எவன் வாளியில் கவர் இருக்கோ அவன் தெருவுக்குப் பதில் சொல்லணும். மறுநாள் அருவிக்கும் போகவில்லை. கவனமான ஆள்.

தார்ப்பாய் விரித்தாயிற்று. தெரு கூடியாயிற்று. சைதூன் பீவி வாளியோடு நின்றாள். அப்போது வள்ளித்தாய் தன் வாளியைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு ஏன் இத்தனை கனம் என்று யோசித்தவருக்கு, நேற்று வண்டி வராதது அப்போதுதான் உறைத்தது. நேற்றைய குப்பை உள்ளேயே இருக்கிறது. நேற்றைய குற்றாலமும் உள்ளேயே இருக்கிறது.

"ஏட்டி, நம்ம வாளி எதுக்கு? நம்ம வீடு தெரிஞ்ச வீடுதான," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நல்லாருக்கு. நம்மளே மொதல்ல கொட்டுனாத்தான அடுத்தவியளக் கேக்க முடியும்," என்று அவள் கவிழ்த்துவிட்டாள்.

காம்பு விழுந்தது, மடல் விழுந்தது, மாங்கொட்டை உருண்டது. அதன் மேல், ரப்பர் பேண்டு சுற்றிய சிப்ஸ் கவரும், நெய் மினுங்கும் அல்வாத் தாளும் வந்து உட்கார்ந்தன. ஏலே இசக்கிதுரை, சர்வீஸ்ல இப்படி ஒரு ரெய்டு உனக்கு வாய்க்கலையேலே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது.

சைதூன் பீவிதான் முதலில் பேசினாள். "ஒங்க வீட்டுக்கும் விருந்தாளி வந்தாவளோ அண்ணாச்சி?"

தெரு சிரித்தது. வள்ளித்தாய் சிரிக்கவில்லை. குனிந்து அல்வாத் தாளை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"சுகர் ஏன் எறங்க மாட்டேங்குன்னு டாக்டர் என்னையத்தான் கேட்டாரு. நான் ஆக்குதது சரியில்லையோன்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "ஒங்களுக்குத் தொணையா நானும் கஞ்சியத்தான குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

அத்தனை பேர் சிரிப்பும் செய்யாததை அந்த வார்த்தை செய்தது. இசக்கிதுரைக்குக் கண் கலங்கியது. குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தார்ப்பாயில் உட்கார்ந்து, வெறுங்கையால் தன் குப்பை முழுவதையும் தானே பிரித்தார். கவரைக் கழுவிக் கொடியில் போட்டார். மற்ற வாளிகளைக் கொட்டச் சொல்லவில்லை. "கேஸு முடிஞ்சுது. எல்லாரும் போங்க," என்றார்.

அதற்குப் பிறகு தெருவின் குப்பையில் கவர் வரவில்லை. வண்டி இப்போதும் பிரித்துத்தான் வாங்குகிறது. வாளியைத் தூக்கி வருகிறவர் இசக்கிதுரை. முத்துவடிவு எட்டிப் பார்க்கிறாள், சைதூன் பீவியும் எட்டிப் பார்க்கிறாள். அவர் தலைகுனிந்து நிற்கிறார், பரீட்சை எழுதிய பையனைப் போல. பரண்மேல் இருந்த அரிசி இறங்கிவிட்டது. வள்ளித்தாய்க்கு அவரே வடிக்கிறார், கஞ்சி அவருக்கு மட்டும்.

நீங்கள் என்ன, சிரித்துக்கொண்டே வாசிக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வந்தது? பக்கத்து வீட்டுக்காரர் முகம்தானே? அப்படியானால் நிலைமை கொஞ்சம் மோசம்தான். அந்தக் குச்சி இப்போது முத்துவடிவின் வண்டியில் இருக்கிறது. நாளைக் காலை வண்டி உங்கள் வாசலில் நிற்பதற்குள், வாளிக்கு அடியில் ஒரு தடவை கைவிட்டுப் பார்த்துவிடுங்கள்.