முட்டைக்கோஸ் கட்டிய காலும் உட்காராத சம்பந்தியும்

சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொல்வதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. கல்யாணப் பந்தியில் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு சுகருங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லும்போது ஏதோ பட்டம் வாங்கியதுபோல முகம் மலரும். ஆனால் மூலம் இருக்கிறது என்று யாராவது பந்தியில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது என்று எந்தப் பெண்ணாவது அக்கம்பக்கத்தில் அறிவித்ததுண்டா?

எங்கள் வீட்டில் இந்த இரண்டுமே இருந்தன. ஒன்று என்னிடம், மற்றது என் கணவர் டேனியலிடம். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. ஒரே வீடு, ஒரே கட்டில், பதினான்கு வருடத் தாம்பத்தியம். (எதிர் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரியும்.)

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. குன்னூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வகுப்பு எழுந்துவிடும். அப்படி நின்று நின்றே என் இடது காலில் மலைப்பாதை மாதிரி வளைவு வளைவாக ஒரு நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. சாயங்காலமானால் கால் கனக்கும், குடையும். டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் "நரம்புச் சுருட்டல்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு அறுபது வயதுப் பெண்மணிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு மனமில்லை. அதனால் எல்லா அறிவாளிகளும் செய்வதைச் செய்தேன். போனில் வீடியோ பார்த்தேன்.

வெள்ளைக்கோட்டு போட்ட ஒருவர் அதில் சத்தியம் செய்தார். முட்டைக்கோஸ் இலையைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி, காலைச் சுற்றி வைத்துத் துணியால் கட்டினால் போதும். இருபத்தொரு நாளில் நரம்பு அடங்கிவிடும்.

முட்டைக்கோஸுக்கா எங்களிடம் பஞ்சம்! எமரால்டு கிராமத்துத் தோட்டங்களிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும். அன்றிலிருந்து தினமும் நான்கு இலை. இரண்டு பாதுகாப்புக்கு, இரண்டு நம்பிக்கைக்கு. மேலே கிரேப் பேண்டேஜ். அதன் கிளிப் தொலைந்துவிட்டதால் என் தலைமுடி ரப்பர் பேண்ட். அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் சேலை. காலுக்குக் குளுகுளுவென்று இருந்தது. குன்னூர்க் குளிரில் காலுக்குக் குளிர்ச்சி எதற்கு என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

சாயங்காலத்தில் மட்டும் உடம்புச் சூட்டில் இலை வதங்கி வாசம் வர ஆரம்பிக்கும்.

"ஏன் எஸ்தர், ஊட்டுல கோஸு வேகுற வாசம் வருதே, இன்னைக்கு கோஸுப் பொரியலா?" என்று டேனியல் கேட்பார்.

"எதிர் ஊட்டுலங்க" என்பேன்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எஸ்டேட் ஆபீசில் கிளார்க். வெள்ளைக்காரன் காலத்து மரநாற்காலியில் நாள் முழுக்க உட்காரும் வேலை. திடீரென்று ஒருநாள் முதல் இரும்பு பீரோவின் மேல் பேப்பரை வைத்து நின்றபடியே எழுத ஆரம்பித்தாராம். மேனேஜர் அவருடைய சுறுசுறுப்பை எல்லாரிடமும் பாராட்டினாராம். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டார். சர்ச்சில் கடைசி வரிசைக்குப் போய் ஆராதனை முடியும்வரை நின்றார். காலையில் பாத்ரூமில் பெரிய டப் நிறைய வெந்நீருடன் அரைமணி நேரம் காணாமல் போனார். நான் இதையெல்லாம் கவனித்தேன். கவனித்து, என்மேல் ஏதோ கோபம், அதனால்தான் மனிதர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். (பதிலுக்கு நானும் பத்து நாள் அவர் குழம்பில் உப்பைக் குறைத்தேன்.)

இந்த நிலைமையில்தான் கிரேஸுக்கு வரன் வந்தது.

கிரேஸ் டேனியலின் தங்கை. மாமனார் மாமியார் இறந்துபோனதால் எங்களோடுதான் இருந்தாள். முப்பத்தொரு வயது. ஏற்கெனவே மூன்று இடங்கள் வந்து, டீ குடித்து, வருக்கி பிஸ்கட் தின்று, போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த முறை விஷயம் வேறு. பையன் பிரவீனை ஊட்டியில் ஒரு பாட்டுப் போட்டியில் சந்தித்து அவளுக்கே பிடித்துப்போயிருந்தது. அவன்தான் வீட்டில் சொல்லி, அப்பா அம்மாவை ஊட்டி பெர்ன்ஹில்லிலிருந்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைத்து வருவதாக ஏற்பாடு.

காலையில் கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்களும் அண்ணனும் ஒண்ணும் சொதப்பாம இருந்தா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"என்ன புள்ள இப்படிச் சொல்ற! நாங்க என்ன சொதப்பப் போறோம்?" என்றேன். அப்போது என் காலில் நான்கு இலைகள் இருந்தன. பதினேழாவது நாள். இன்னும் நான்கே நாளில் குணமாகப் போவதை ஒரு பெண் பார்க்கும் சடங்குக்காக யாராவது விடுவார்களா?

அவர்கள் வந்தார்கள். பிரவீன் நல்ல பிள்ளையாகச் சிரித்தான். அவன் அம்மா உயரமான, கண்டிப்பான பெண்மணி. அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பெயர் சாமுவேல். உள்ளே நுழையும்போதே லொக்கு லொக்கு என்று இருமிக்கொண்டு வந்தார்.

"வாங்கய்யா, உக்காருங்க" என்று டேனியல் புதுத்துணி விரித்த சோபாவைக் காட்டினார்.

"இருக்கட்டுங்க தம்பி. நீங்க உக்காருங்க."

"அய்யோ, பெரியவங்க நிக்கும்போது நான் எப்படிங்க? நீங்க மொதல்ல."

"இல்லீங்க, ஊட்டுக்காரர் நீங்க. நீங்க உக்காந்தாத்தான் முறை."

"பரவால்லைங்கய்யா."

"எனக்கும் பரவால்லைங்க தம்பி."

பிரவீனும் அவன் அம்மாவும் உட்கார்ந்துவிட்டார்கள். இவர்கள் இருவரும் டீப்பாய்க்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் கபடி ஆடப் போகிறவர்கள்போல நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து சாமுவேல் ஐயா, "ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டு உக்காரலாமுங்க" என்றார். எல்லாரும் எழுந்து கண்ணை மூடினோம்.

சின்ன ஜெபமா அது! முதலில் இரு குடும்பங்களுக்காகவும் ஜெபித்தார். பிறகு சபைக்காக. பிறகு மழைக்காக, மண்சரிவுக்காக, பச்சைத் தேயிலை விலைக்காக, ஊட்டி மலை ஏறி இறங்கும் டிரைவர்கள் எல்லாருக்காகவும். ஆமென் சொன்னதும் அப்பாடா என்று கண்ணைத் திறந்தேன். என் கணவர் உடனே, "நானும் ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கிறேனுங்க" என்று ஆரம்பித்தார். சாப்பாட்டு ஜெபத்தையே ஒரு வரியில் முடிக்கும் மனிதர், அன்று பைபிளின் முதல் பக்கமான ஆதியாகமத்திலிருந்து தொடங்கினார்.

அப்போதுதான் என் காலில் ரப்பர் பேண்ட் அறுந்தது.

'பட்' என்று சத்தம். (ஜெபத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை என்று இன்றும் நம்ப விரும்புகிறேன்.) பேண்டேஜ் மெதுவாகத் தளர்ந்தது. ஈரமான, சூடான ஏதோ ஒன்று கெண்டைக்காலிலிருந்து சறுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வந்தது. நான் முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டேன். பிரயோஜனமில்லை. கண்ணைத் திறந்து கீழே பார்த்தேன். என் சேலை விளிம்புக்கு வெளியே, பாலிஷ் போட்ட சிவப்புத் தரையில், வெந்து வாடிய முட்டைக்கோஸ் இலை ஒன்று பப்பரப்பா என்று கிடந்தது. நிமிர்ந்தேன். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், ஒருவரைத் தவிர. பிரவீனின் அம்மா இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி இலையைப் பார்த்துவிட்டு, பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் இலையைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆமென் வந்ததும் நொண்டியபடி சமையலறைக்கு ஓடினேன். அங்கே கிரேஸ் டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அவரோட அப்பா உக்காரவே மாட்டேங்கிறாரு அண்ணி. அப்பவே எனக்குத் தெரிஞ்சுருச்சு. பிடிக்கலீன்னாத்தான இப்படி நிப்பாங்க? அண்ணனும் வீறாப்பா எதிர்ல நிக்குது. கெட்டுப்போச்சு, எல்லாம் போச்சு."

அவர் நிற்பது இவருக்கு அவமானம், இவர் நிற்பது அவருக்கு அவமானம், நடுவில் தரையில் என் முட்டைக்கோஸ். கூடத்திலிருந்து மறுபடி இருமல் கேட்டது. எப்படியாவது அந்த மனிதரைக் குளிர்விக்க வேண்டும் என்று பார்த்தபோது, அலமாரி உச்சியில் ஒரு பாட்டில் கண்ணில் பட்டது. கறுப்பு லேகியம். மேலே டேனியலின் கையெழுத்தில் 'இருமல்' என்று ஒட்டியிருந்தது. கடவுளே காட்டியதுபோல இருந்தது எனக்கு.

பெரிய ஸ்பூன் நிறைய எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். "ஐயா, இருமலுக்கு நல்லதுங்க. இவரு வாங்கி வெச்சது."

டேனியல் ஸ்பூனிலிருந்த கறுப்பு லேகியத்தைப் பார்த்ததும், "எஸ்தர், அது வேண்டா..." என்று பாய்ந்து வந்தார். அதற்குள் சாமுவேல் ஐயா வாயில் போட்டுவிட்டார். சப்பினார். நிறுத்தினார். கண்ணை மூடி இன்னொரு முறை சப்பினார். தபால்காரர் முகவரி படிப்பதுபோல நிதானமாக.

"தம்பி," என்றார், "இது இருமல் மருந்து இல்லையே."

ஸ்பூனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கருணைக்கிழங்கு லேகியமுங்க இது. ரெண்டு வருசமா தினமும் காலையில சாயந்திரம் சாப்பிடறேன். எனக்குத் தெரியாதா?" டேனியலை மேலும் கீழும் பார்த்தார். அவர் குரல் இறங்கியது. "ஏனுங்க தம்பி... உங்களுக்குமா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு மாசமாச்சுங்க" என்றார்.

"அடக் கடவுளே! அதுக்கா நிக்கிறீங்க? நான் எங்க உங்களுக்கு என்னையப் பிடிக்கலையோன்னு பயந்து போயிட்டேன்!"

"நானும் அதேதானுங்க நெனச்சேன்!"

இரண்டு பேரும் கட்டிப்பிடிக்காத குறை. நான் கையில் ஸ்பூனோடு நின்றேன். என்மேல் கோபமில்லை, மூலம்தான் என்று தெரிந்ததும் எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது. உப்புக் குறைத்த பத்து நாள் குழம்பு நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது.

பிரவீனின் அம்மா எழுந்தார். குனிந்து சோபாவுக்கு அடியில் கைவிட்டு அந்த இலையை எடுத்து டீப்பாயின்மேல் வைத்தார். "எந்தக் காலு கண்ணு?" என்று என்னைக் கேட்டார்.

"இடது காலுங்கம்மா."

அவர் தன் சேலை விளிம்பை ஒரு சாண் தூக்கிக் காட்டினார். இரண்டு காலிலும் இறுக்கமான பழுப்பு நிற மருத்துவ சாக்ஸ். "நானும் மூணு மாசம் கோஸு கட்டுனவதான். டாக்டர் திட்டி இதைக் கொடுத்தாரு. இலையக் கட்டி நரம்பு அடங்கறதுன்னா, எமரால்டுல ஒருத்தருக்கும் காலு வலியே இருக்காதே!"

சமையலறை வாசலில் கிரேஸ் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பிரவீன் அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. சாமுவேல் ஐயாவும் டேனியலும் தேதி பேசியதுகூட நின்றபடிதான்.

கிளம்பும் முன் சாமுவேல் ஐயா என் கணவரைத் தனியே அழைத்து, "ரத்தம் போகுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்றதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். "லேகியம், துத்தி இலைன்னு நானும் ரெண்டு வருசம் ஒளிச்சு ஒளிச்சு ஓட்டிட்டேன் தம்பி. அது தப்பு. ரத்தம் எங்கிருந்து போகுதுன்னு டாக்டர் பார்த்துத்தான் சொல்லோணும். திங்கக்கிழமை நாம ரெண்டு பேரும் போறோம்."

போனோம், நானும் சேர்த்து மூன்று பேராக. டாக்டரம்மா எங்களைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். (நான் மட்டும் உட்கார்ந்தேன்.)

"உங்களுக்குக் கால்ல, இவங்க ரெண்டு பேருக்கும் வேற எடத்துல. மத்தபடி எல்லாம் ரத்தக்குழாய் வீங்குறதுதான். இதுல என்ன வெட்கம்? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்தக் குளிரில் தண்ணீரா? டீதான் குடிக்கிறோமே, அதிலும் தண்ணீர் இருக்கிறதே என்றார் என் கணவர்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து, பரிசோதனை, மருந்து, எனக்கு சாக்ஸ் எல்லாம் எழுதிக் கொடுத்தார். மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்காரவும் கூடாது, நிற்கவும் கூடாது, நடக்க வேண்டும், முக்கக் கூடாது, கக்கூசுக்குள் போனை எடுத்துப் போகக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சுத்தியும் காய்கறி வெளையுற ஊர்ல இருந்துக்கிட்டு வருக்கியும் பன்னும் தின்னுக்கிட்டு இருக்கீங்க. அந்தக் கோஸக் கால்ல கட்டாதீங்கம்மா, சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிட்டோம். டேனியலுக்குச் சில மாதங்களில் சரியாகிவிட்டது. என் நரம்பு முழுக்கப் போகவில்லை, ஆனால் சாக்ஸும் நடையுமாக ஒழுங்காக இருக்கிறது. கிரேஸுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நாங்கள் பெர்ன்ஹில் போனால் சாமுவேல் ஐயா வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க, வந்து நில்லுங்க!" என்பார். அவர்கள் இங்கே வந்தால் டேனியலும் அதையேதான் சொல்வார். பிறந்தநாள், கிறிஸ்துமஸ் எதுவானாலும் முதல் வரவேற்பு அதுதான். குழந்தைகள்கூடப் பொம்மைகளை அப்படித்தான் விருந்துக்கு அழைக்கின்றன.

போன மாதம் எங்கள் சபைக்கு வந்த புதுப் போதகர் முதல் முறையாக வீட்டுக்கு வந்தார். நான் கதவைத் திறந்து, வாய்ப் பழக்கத்தில், "வாங்க பாஸ்டர், நில்லுங்க" என்றுவிட்டேன். பாவம், ரொம்ப மரியாதைக்காரர். டீ குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.