தில்லைநாதர் வீட்டு விறாந்தையை விட்டு எழும்பி வரவும்

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40. முந்தல் சந்தியில் காருக்குள் ஏறியவர்கள் மூன்று பேர். பதிவில் இருந்தவர்கள் நான்கு பேர். மிச்சமுள்ள அந்த ஒருவர் நீங்கள். கடிதம் அதைப் பற்றியது.

உடப்பு,
ஜூலை 18, வியாழன்.

பெருமதிப்புக்குரிய இராசையா மாமாவுக்கு,

மருமகன் இந்துஜன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, நிரூபா அக்கா, நான் மூவரும் சுகம். திருகோணமலையில் மாமியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் திரௌபதை அம்மன் துணை நிற்கட்டும், உங்கள் முழங்கால் நோவும் குறையட்டும் என்று அம்மா எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால் அந்த முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. வவுனியா வரை போய், இன்னொருவர் வீட்டு விறாந்தையில் நாலு நாளாகக் குந்தியிருக்கிற முழங்காலுக்கு என்ன குறை? நீங்கள் தொலைபேசி எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பியதையும் பார்க்கவில்லை. அதனால் இதை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைத் திருகோணமலைக்கும் மற்றதைத் தில்லைநாதர் வீட்டுக்கும் அனுப்புகிறேன். எங்கே இருக்கிறீர்களோ அங்கே வாசியுங்கள்.

அக்காவுக்கு வவுனியாவில் தில்லைநாதருடைய மகனைப் பேசினது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் தாய் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறா, பெண்ணை நேரில் பார்த்தால்தான் மனம் ஆறும் என்று கேட்டிருந்தா, அதனால் வழக்கத்துக்கு மாறாகப் பெண்ணையே கூட்டிக்கொண்டு நாங்கள் போகவேண்டியதாயிற்று. ஆடி பிறக்க முதல் போய்வரவேண்டும் என்பது அம்மாவின் அவசரம். அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் முன்னுக்கு நிற்கவேண்டும், இராசையா வருவார் என்று அம்மா அவர்களுக்குச் சொல்லியும் வைத்துவிட்டார். நீங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் முழங்கால் என்றீர்கள். உடப்பில் வான் பிடித்தால், வான் திரும்பி வருவதற்குள் தாலி எத்தனை பவுண் என்பது வரை ஊர் கதைத்து முடித்துவிடும். ஆகவே ஊருக்குத் தெரியாமல், ஓர் இணையத்தளத்தில், சிலாபத்திலிருந்து வவுனியாவுக்கு ஒரு கார் பதிவு செய்து, நாங்கள் ஏறும் இடம் முந்தல் சந்தி என்று போட்டேன்.

அது சுற்றுலாக்காரருக்காகச் செய்த தளம். வழியில் பார்க்க ஓரிடத்தைத் தெரிவு செய்யாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நிறுத்தம் வேண்டாம் என்று சொல்ல ஒரு பெட்டிகூட இல்லை. இப்படி ஒன்றைச் செய்தவனை என் கையில் தந்தால் இரண்டு நிமிடத்தில் திருத்திக் காட்டுவேன். இருந்த மூன்று இடங்களில் ஆகக் குறைந்த நேரம் எடுப்பது கண்டக்குழிக் கடற்கரை, பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்களைப் பார்த்தல், ஒரு மணித்தியாலம். கலியாணம் பேசப் போகிற வழியில் பட்டம் பார்க்கிறதோ என்று அம்மா கேட்டார். அதற்குள் ஆட்களின் எண்ணிக்கை கேட்கும் பெட்டி வந்துவிட்டது. நான் மூன்று என்று அடித்தேன். அம்மா மடிக்கணினியின் மேல் கையை வைத்துவிட்டார்.

"மூண்டு பேராப் போயோ கலியாணம் பேசுறது? படிச்சும் உனக்கு அறிவில்லை."

நல்ல காரியத்துக்கு மூன்று பேர் போகக்கூடாது, போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்கிற நம்முடைய வழக்கத்தைப் பற்றி என் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அம்மா, கல் வந்தால் போதாது, பதிவிலும் நாலு என்றே இருக்கவேண்டும் என்று நின்றுவிட்டார். நாலு என்று போட்டேன். தளம் நாலாவது ஆளின் பெயரைக் கேட்டது. கல் என்று அடித்தேன், முழுப்பெயர் தருக என்றது. வரவேண்டியவர் நீங்கள்தானே, உங்கள் பெயரை அடித்தேன். உடனே ஏற்றுக்கொண்டது.

உடப்பு மணலில் கல் கிடையாது, நீங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர். வீதி போடக் கொட்டியிருந்த குவியலில் ஒரு கருங்கல் எடுத்து அம்மா கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஓட்டோவில் முந்தல் சந்திக்கு வந்தோம். சாரதி பாயிஸ், பாலாவிக்காரர், எங்களைவிட ஐந்து நிமிடம் முந்தி வந்து நின்றார். தாய்மாமன் பின் ஆசனத்தில் இருப்பதா என்று கேட்டு, அம்மா கல்லை முன் ஆசனத்தில் வைத்தார். ஆறடி உயரமான நான் பின்னால், இரண்டு சேலைகளுக்கும் ஒரு பலகாரத் தட்டத்துக்கும் நடுவில். மதுரங்குளி தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தபோது கல் உருண்டு பிரேக் மிதிக்குக் கீழே போய்விட்டது. பாயிஸ் காரை ஓரங்கட்டி, குனிந்து எடுத்து, என் கையில் தந்தார்.

"சேர், இவரக் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சிக்கோங்க. நானும் புள்ளகுட்டிக்காரன்."

இவர் என்றார். பகிடிக்குத்தான்.

கண்டக்குழியில் காற்று ஆளைத் தள்ளியது. அம்மா கழிவறை தேடிப் பாயிஸோடு ஒரு விடுதிப் பக்கம் போனார். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றா. பிரேக்குக்குக் கீழே போகிற பொருளை வாகனத்தில் வைத்திருப்பது மடத்தனம், ஆகவே கல்லைக் கடலில் எறிந்தேன். எறிந்த பிறகுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. வேறு கல்லுக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய வரை மணல். கடைசியில் ஒரு தாழம்புதரின் அடியில் ஒன்று அகப்பட்டது. மீன் வைத்த ஒரு மாலுபாண் பணிஸ் அளவு. வழுவழுப்பு. அதில் பழைய சந்தனமும் அரைவாசி போன குங்குமப் பொட்டும் இருந்தன. அது என்னவென்று நமக்குத் தெரியாதா? எங்கேயோ கலியாணம் பேசப் புறப்பட்ட யாரோ மூன்று பேருடைய நாலாவது ஆள். இடைவழியில் சம்பந்தம் குழம்பியிருக்கும், இங்கே இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பாவித்த வாகனங்கள்தான் நம் நாட்டு வீதியில் நன்றாக ஓடுகின்றன. கடல் தண்ணீரில் கழுவி முன் ஆசனத்தில் வைத்தேன். அக்கா பார்த்தா. அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று சைகை காட்டினேன். அவ அன்று காலையிலிருந்தே வாய் திறக்கவில்லை, வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கார் புறப்பட்டதும் முன் ஆசனத்தின் பாதுகாப்புப் பட்டியைப் போடும்படி எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. மாமா, காற்றாலைகளில் சென்சர் பார்ப்பது என் தொழில். ஆசனத்துக்குக் கீழுள்ள சென்சர் சில கிலோவுக்குக் குறைந்த பாரத்தை ஆளாக எடுக்காது. பெரிய கருங்கல்லுக்கு அடிக்காத மணி இந்த மாலுபாணுக்கு ஏன் அடிக்கவேண்டும்? வயர் கழன்றிருக்கும் என்றேன். பாயிஸ் வயரை அசைத்துப் பார்த்தார். கல்லைத் தூக்கினால் மணி நின்றது, வைத்தால் அடித்தது. கடைசியில் அம்மா எட்டிப் பட்டியை இழுத்து, அந்தக் கல்லுக்கு மேலாகக் கொண்டுபோய் மாட்டினார். மணி நின்றது. வயர்தான், அசைந்து சரியாகியிருக்கும்.

நொச்சியாகமையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பாயிஸ் ஐந்து கோப்பை கொண்டுவந்தார். அவரோடு நாங்கள் நாலு பேர்தானே என்றேன். புக்கிங்கில் நாலு பயணிகள் என்றுதான் போட்டிருக்கிறது என்று சொல்லி, ஐந்தாவதை முன்னால் வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குடிக்க மரத்தடிக்குப் போனார். காருக்குள் வந்து குடிக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். திரும்ப ஏறியபோது அந்தக் கோப்பையில் அடிச்சாயம் மட்டும் இருந்தது. சிந்தியிருக்கும் என்று விரிப்பைத் தடவிப் பார்த்தேன். தேத்தண்ணி இல்லை, மணல் இருந்தது. கண்டக்குழியிலிருந்து இரண்டு மணித்தியாலம் குளிரூட்டியில் வந்த மணல் காய்ந்திருக்கவேண்டும். அது சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. நான் இதை வைத்து ஒரு முடிவும் எடுக்கவில்லை. தரவு போதாது.

தில்லைநாதர் வீட்டு விறாந்தையில் எங்களுக்கு நாலு கதிரை போட்டிருந்தார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்ல அம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். சொல்ல இடம் வரவில்லை. மாமா வரவில்லையோ என்று அந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மா தன் கைப்பையை, உள்ளே கல்லோடு, நாலாவது கதிரையில் வைத்தார். தில்லைநாதர் எங்களோடு கதைக்கும்போதெல்லாம் அந்தக் கதிரைப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். ஒரு கண் கொஞ்சம் விலகிய மனிதர் என்று நினைத்தேன். படுக்கையில் இருந்த தாயைப் பார்க்க நாங்கள் மூவரும் உள்ளே போனோம், பை கதிரையிலேயே இருந்தது. உள்ளே இருக்கும்போது வெளியே தில்லைநாதரின் குரல் கேட்டது. "ஓம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பிடியோ," என்றார். தொலைபேசியில் கதைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் வெளியே வந்தபோது அவருடைய தொலைபேசி உள்ளே, மாப்பிள்ளையின் தாயின் கட்டிலடியில், சார்ஜில் கிடந்தது நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும்போது அம்மா பையைத் திறந்து பார்த்தார், கல் இல்லை. முன் ஆசனத்தில் நான் இருந்து வந்தேன். ஒரு வயரும் கழன்றிருக்கவில்லை.

நேற்றுத் தில்லைநாதர் தொலைபேசியில் பேசினார். சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. விருப்பமில்லாத பிள்ளையை நாங்கள் கேக்கக்கூடாது. உங்கட மாமா எல்லாம் சொன்னவர். வழி நெடுக அவளைக் கேட்டுக்கொண்டு வந்தவராம். அவளுக்கு மனமில்லையாம். 'என்னை இடைவழியில இறக்கிப்போட்டுப் போன மாதிரி அவளையும் கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போகப் பாக்கினம்' எண்டவர்."

எந்த மாமா என்று கேட்டேன்.

"இராசையா மாமாதான். பேர் சொன்னவரே. அது சரி தம்பி, அவரை எப்ப வந்து கூட்டிக்கொண்டு போறியள்? ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து விறாந்தையிலயே இருக்கிறார். சாப்பாடும் வேண்டாமாம். கதிரையைச் சுத்தி ஒரே மணல், கூட்டக் கூட்ட வருகுது."

மாமா, இதில் எனக்கு மர்மம் ஒன்றும் இல்லை. முழங்கால் என்று எங்களுக்குப் பொய் சொல்லிவிட்டு, திருகோணமலையிலிருந்து நேரே பஸ் எடுத்து, எங்களுக்கு முதல் போய், நாங்கள் உள்ளே போகும்வரை வீட்டுப் பின்பக்கம் நின்று, பிறகு வந்து விறாந்தையில் இருந்து என் அக்காவின் கலியாணத்தைக் குழப்பியிருக்கிறீர்கள். இடைவழியில் இறக்கிவிட்டது என்று குத்திக் காட்டியது, உங்கள் பெயரை ஒரு கல்லுக்கு வைத்தது தெரியவந்த கோபத்தில். மணல் எப்படி என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை, அது உங்கள் பொறுப்பு. அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. இது குழம்பினால் அடுத்தது எப்போது என்று அம்மா நேற்றிலிருந்து படுத்த படுக்கை. அக்காவின் மனதை உங்களுக்கு யார் சொன்னது? எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறா, எங்களுக்குத் தெரியாத மனமா? உடனே அந்தக் கதிரையை விட்டு எழும்பி, நீங்கள் சொன்னது பொய் என்று அவர்களிடம் ஒத்துக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். போகுமுன் மணலைக் கூட்டிவிடுங்கள்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். கோபத்தோடும், மாறாத மரியாதையோடும்,

மருமகன்
இந்துஜன்

பி.கு.: வெள்ளி காலை. கடிதத்தை ஒட்ட எடுத்தபோது மாமி வீடியோவில் அழைத்தார். நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். போன சனிக்கிழமை விடிய முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததாம், அன்றிலிருந்து அந்தக் கட்டிலிலேயாம், உங்கள் தொலைபேசி வீட்டு அலுமாரிக்குள்ளாம். தாதியைக் கூப்பிட்டுத் திகதியையும் கேட்டேன். ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதியது முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே நிற்கிறது.

பிறகு கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்தா. காருக்குள் யாரோடாவது கதைத்தாயா என்று கேட்டேன். நானும் அம்மாவும் புத்தளம் தாண்டினதும் நித்திரை.

"முன்னுக்கு இருந்தவர் கேட்டவர், சொன்னன்," என்றா. "நீங்க ரெண்டு பேரும் எந்தச் சேலை எண்டுதானே கேட்டனீங்கள்."

இனி நான் செய்யப்போவது:

1. நாளைக்கு வவுனியாவுக்குக் கார். தளம் வேண்டாம், பாயிஸோடு நேரே கதைத்துவிட்டேன். யாரை ஏற்ற என்று அவர் கேட்கவில்லை. முன் ஆசனத்தை வெறுமையாக விடச் சொன்னார், அவ்வளவுதான்.
2. போகும்போது அக்காவும் நானும். அவ வரவேண்டியதில்லை என்றேன், வருகிறேன் என்றா.
3. தில்லைநாதரிடம் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொல்லமாட்டேன். தில்லைநாதர் அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கவேண்டிய மனிதர், பயந்துபோவார்.
4. திரும்பும்போது பட்டியை நானே மாட்டுவேன். விறாந்தையில் இருப்பவரைக் கண்டக்குழியில் இறக்கமாட்டேன். எங்கள் வீட்டுக்கே கூட்டிவருவேன்.
5. அம்மாவிடம், அக்காவுக்கு அந்த இடம் விருப்பமில்லை என்று இன்றைக்கே சொல்வேன். யார் சொன்னது என்று கேட்டால், அக்கா என்பேன்.
6. அதற்கு முன் அக்காவிடம், வேறு என்னென்ன சொன்னாய் என்று கேட்பேன். சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன்.