யார் துணையுமின்றி ஓடும் மென்பொருள்

எந்த அலுவலகமும் பிறர் கையை எதிர்பாராமல் நிற்கவேண்டும் என்பதுதான் இவ்வாண்டு தில்லியின் நாகரிகம். ஆகவே எங்கள் இலாகாவும், யார் துணையுமின்றித் தனியே ஓடும் மென்பொருள் ஒன்றைப் படைக்கத் திருவுளம் கொண்டது. எந்தெந்த ஒப்பந்த ஊழியர்களை நீட்டிக்கலாம் என்று பட்டியல் அச்சிடுவது அதன் கடமை. அதை எழுதும் பொறுப்பு, துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வரும் பிரபாவுக்கு. அவளும் ஒப்பந்த ஊழியர்தான். வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. பட்டியலில் பெயர் வந்தால்தான் வேலை.

அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அவள் கணினியில் ஜோராக ஓடியது. அதையே தனி மென்பொருளாகக் கட்டி, துணை இயக்குநர் ஜகந்நாதனின் கணினியில் திறந்ததும், ‘ஒரு மாட்யூலைக் காணோம்’ என்று, துணை நிரல் ஒன்றைத் தேடி நின்றுவிட்டது.

“அச்சா. யார் எடுத்தது?” என்றார் ஜகந்நாதன்.

“யாரும் எடுக்கல சார். தனி மென்பொருளாக் கட்டற கருவி, பேர் எழுதியிருக்கிற மாட்யூலை மட்டும்தான் மூட்டை கட்டும். இதை ஓடும்போது நடுவுல கூப்பிடறோம். பேர் எங்கயும் இல்ல, விட்டுடுச்சு.”

“பேரே இல்லாதது இத்தனை நாள் எப்படி வேலை செஞ்சுது?”

“செஞ்சுட்டுதான் இருந்துச்சு சார். பேரை ஒரு வரி சேர்த்தா போதும்.”

“அனுமதி இல்லாம பேர் சேர்க்கறதா? ஃபைல் போடும்மா.”

மேற்படி மாட்யூல் இதுவரை எந்த ஆணையின்பேரில் பணியாற்றியது என்று நிர்வாகப் பிரிவு வினவியது. விஜிலன்ஸ் அதன் முந்தைய பணியிடத்தைக் கேட்டது. பதில்கள் அத்தனையும் பிரபாதான் தட்டினாள். எங்களுக்குக் கணினியில் ஃபைல் அனுப்பத் தெரியாது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்திட்டவன் பிரிவு அலுவலர் வைத்தி, அதாவது நான்.

வெள்ளி மாலை நாலு மணிக்கு அனுமதி வந்தது. வரி சேர்ந்தது. மென்பொருள் ஓடியது. லட்டு கொடுத்தார்கள். பட்டியலில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுபவர்கூட இருந்தார். பிரபா இல்லை.

“பதிவேட்டுல இருக்கிறவங்களை மட்டும் எடுக்கணும்னு உங்க ஆர்டர் சார். என்னை வைத்தி சார் அவசரத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு. பதிவேட்டுல ஏத்தவே இல்ல,” என்றாள் பிரபா.

எனக்கு வெட்கமாக இருந்தது.

“ஒரு வரிதானே? ஜல்தி ஒரு ஃபைல் போடும்மா,” என்றார் ஜகந்நாதன்.

“அஞ்சு மணியாச்சு சார். நான் இப்ப இந்த ஆபீஸ்ல இல்ல,” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

திங்களன்று எங்கள் அலுவலகத்துக்கு, யார் துணையுமின்றி இயங்குவதற்கான விருது அறிவித்தார்கள். ஏற்புப் படிவத்தைக் கணினியில் நிரப்பி அனுப்பவேண்டுமாம். பதினாலு பேர் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். பிறகு என்னை அனுப்பிவைத்தார்கள். துவாரகா மெட்ரோவில் நின்றுகொண்டிருக்கிறேன்.