நேர்கோட்டுச் சங்கிலியாரும் நார்த்தாமலை ஏற்றமும்

இந்த உலகத்தில் வளைவு என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் சங்கிலியார்தான். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். அவருடைய இயற்பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகமே. கடைத்தெருவுக்குப் போனாலும், குறுக்கே இருக்கும் வீட்டின் முன்வாசலில் நுழைந்து கொல்லை வழியாக வெளியேறுவார்.

பென்ஷன் வாங்கியதும் எங்களைப் போன்ற கிழடுகளைச் சேர்த்து ஞாயிறுதோறும் நடைக் கோஷ்டி ஒன்று நடத்தினார். அவரோடு சேர்த்து ஆறு பேர். நான் ரிக்கார்டு ரூமில் தூசி தின்று ஓய்ந்தவன். வீட்டில் என்னைப் பரணில் ஏற்றிய பித்தளை அண்டாவைப் போலப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதற்குப் பயந்தே கோஷ்டியில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் உயிரோடு இருந்தேன்.

ஒரு ஞாயிறு வயல் வரப்பில் மயங்கி விழுந்தேன். அன்று ஏகாதசி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போயிருந்தேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஆறு வீட்டுப் பிள்ளைகளும் கூடித் தீர்ப்பு எழுதினார்கள். கோஷ்டி தொடர வேண்டுமானால், அடுத்த வாரம் நார்த்தாமலை. ஆறு பேரும் உச்சிக்கு ஏறி, சொந்தக் காலில் ரயிலடிக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் வண்டியில் ஏறினாலும் கோஷ்டிக்கு முழுக்கு. அந்த வண்டியை என் மகனே ரயிலடியில் அமர்த்தி, மெத்தை விரித்துக் கொண்டுவருவான். மெத்தை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ரயிலை விட்டு இறங்கியதும் சங்கிலியார் தகரக் குழாயிலிருந்து வரைபடத்தை உருவினார்.

"ரோடு சுத்துதுங்க. நமக்கு வேணாம். இங்கிட்டு நேரா."

அவர் கோல் காட்டிய இடத்தில் முதலில் வரப்பு, பிறகு வாய்க்கால், பிறகு காரைமுள், அதற்கப்புறம் ஒரு மாட்டுக்கொட்டகை. சாணி அள்ளிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, கொட்டாய்க்குள்ள பூந்து எங்கிட்டுப் போறீங்க?"

"நாங்க போகல ஆத்தா. கோடு போகுது" என்றார் சங்கிலியார்.

வரைபடம், காக்கிக் கோட்டு, கோல், பின்னால் ஐந்து தலைப்பாகைகள். சர்க்கார் நிலம் அளக்க வந்துவிட்டது என்று சேதி எங்களுக்கு முன்னால் ஓடியது. அடுத்த தோப்பில் இளநீரோடு நின்றார்கள். அதற்கடுத்த களத்தில் மோர்.

"ஐயா, நம்ம வரப்பு அப்பன் காலத்துலேர்ந்து இங்கிட்டுத்தான் கெடக்கு. பாத்துச் செய்யுங்க" என்றார் களத்துக்காரச் சம்சாரி ஒருவர்.

"நான் பென்ஷன்ல இருக்கேங்க. சும்மா நடக்க வந்தோம்."

வேலை இல்லாமல் யாராவது வெயிலில் நடப்பார்களா? சங்கிலியார் மறுக்க மறுக்க இளநீர் பெருகியது. வண்டிப்பாதையோ ஊரெல்லாம் சுற்றி வந்தது. சோற்று மூட்டையை ரயிலிலேயே விட்டுவிட்ட என் மகன் காய்ந்த முகத்தோடு அடிவாரம் வந்து சேர்ந்தபோது, நாங்கள் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தோம்.

நார்த்தாமலைக் குன்றுகளில் நாங்கள் ஏற வேண்டிய மேலமலை மொட்டைப் பாறை. கோடு செங்குத்தாக ஏறியது. மற்ற நால்வரும் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாதியில் என் முழங்கால்கள் இரண்டும் ராஜினாமா கொடுத்தன. உட்கார்ந்துவிட்டேன். கீழே மகன் மெத்தையைத் தட்டிப் போடுவது தெரிந்தது.

"போதும்ப்பா, எறங்கி வாங்க."

என்னால் ஆறு பேரின் ஞாயிறும் போகப்போகிறதே என்று கண் கலங்கிவிட்டது.

முன்னால் போன சங்கிலியார் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். அதைச் சுருட்டிக் குழாயில் போட்டு மூடினார்.

"ரிக்கார்டு, இந்த மேப்பு தப்புங்க. நான் வரைஞ்சதுதான், அப்பவே தப்பாப் போட்டுட்டேன். கோடு அங்கிட்டு வளைஞ்சுல்ல போகுது."

"அங்கிட்டுச் சரிவா, நெழலா இருக்குங்களே?"

"கோட்டுக்கும் வயசாச்சுல்ல. வாங்க, மெதுவா."

என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வளைந்து வளைந்து ஏறினார். உச்சியில் கோயில் வாசலில் ஆறு பேரும் காற்று வாங்கினோம். சுற்றுவட்டாரக் கண்மாய்கள் எல்லாம் காலுக்குக் கீழே. அந்த வயதுவரை நான் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

இறங்கி, ரயிலடி வரை சொந்தக் காலிலேயே நடந்தேன். வண்டியும் காலியாகத் திரும்பவில்லை. பசியில் தலை சுற்றிய என் மகன் மெத்தையில் படுத்து வந்தான். ரயிலில் மெல்லக் கேட்டான்.

"ஐயா, அடுத்த வாரம் நானும் வரலாமுங்களா?"

"பென்ஷன் ஆர்டர் இருக்கா தம்பி?" என்றார் சங்கிலியார்.

அந்த வரைபடத்தின் அசலை ரிக்கார்டு ரூமில் எத்தனையோ தடவை தூசி தட்டியவன் நான். அதில் ஓர் இழைகூடத் தப்புக் கிடையாது. கடைசிவரை அவரிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.